குதிரை ஓடும் தடத்திலேயே கார் பந்தயமும் நடத்த முடியாதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்ட தம்பிக்கு: முடியாது. இரண்டுக்கும் தரையே வேறு.

நாலுகால் பாய்ச்சலில் குதிரையின் பாரம் ஒரு கணம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதன் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை, அந்த மெல்லிய எலும்பின்மேல். தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தால்தான் கால் தாங்கும். அதற்காகத்தான் புல் வளர்த்து, தண்ணீர் விட்டு, ஈரம் பார்க்கிறார்கள். உள்வேலியை நகர்த்தி, மிதிபட்ட பகுதிக்கு ஓய்வும் கொடுப்பார்கள். அந்தப் புல்லைக் கார் டயர் கிழித்துப் போட்டபின் குதிரையை ஓட்டுவது பெரும் கொடுமை.

காருக்கு டயர் பிடிக்கும் தார்த்தளம் வேண்டும். இடமும் வலமும் மாறிவரும் வளைவுகள், வண்டி விலகினால் வேகத்தை உறிஞ்சச் சரளைப் பரப்பு, டயர் அடுக்கு எல்லாம் வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்க ரேக்ளா, அதாவது மாட்டுவண்டிப் பந்தயம், தனி ரகம்: 200, 300 மீட்டர் நேர் ஓட்டம், சுற்றே கிடையாது.

சரி, நமக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? வேலந்தாவளம் தாண்டிக் கோவைப் பக்கம் போனால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வீரர் கரிவரதன் பெயரில், ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் சுற்று. பாலக்காட்டு ரோட்டில் பைக்கை முறுக்கும் பையன்களை தயவுசெய்து அங்கே பயிற்சிக்கு அனுப்புங்கள்.