செயினுக்கு எண்ணெய் எங்கே விடுவது? பெங்களூரு பைக் ஓட்டுபவர்களின் கேள்விகள்

அல்சூர், கே.ஆர். புரம், ஓசூர் பக்கமெல்லாம் இருந்து நம்ம ஆட்கள் கேட்டவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, கே.ஆர். புரத்திலிருந்து தினமும் அவுட்டர் ரிங் ரோட்டில் போறேன். ஒரே தூசி. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை செயின் க்ளீன் பண்ணணும்?

பதில்: 500 கிலோமீட்டர் என்பது பொதுக் கணக்கு. உங்கள் ரோட்டுக்கு அதற்கு முன்பே பாருங்கள். மழையில் நனைந்த வண்டி என்றால் கிலோமீட்டரே பார்க்க வேண்டாம், செயின் காய்ந்ததும் எண்ணெய் போடுங்கள். தொட்டால் விரலில் கறுப்பு மண்ணாக நறநறவென்று வந்தால், மேலே எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால் உப்புத்தாள்தான். முதலில் துடைக்க வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் ஊத்திக் கழுவினா பளிச்சுனு ஆகுது. என்ன தப்பு?

பதில்: பளிச்சென்று ஆகும், தம்பி. ஆனால் ஓ-ரிங் செயின் என்றால் பின்னுக்கும் (கண்ணிகளைக் கோக்கும் சின்னக் கம்பி) புஷ்ஷுக்கும் (அந்தக் கம்பியைச் சுற்றியிருக்கும் குழாய்) நடுவில் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து, ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள். பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும். வளையம் போனால் கிரீஸ் போச்சு, வெளியிலிருந்து திரும்ப வைக்க முடியாது. தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. மண்ணெண்ணெய் போதும். கிடைக்கவில்லையென்றால் ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் செயின் க்ளீனர் வாங்குங்கள். மென்மையான பிரஷ், பழைய பனியன் துணி, அவ்வளவுதான். கம்பி பிரஷ் வேண்டாம்.

கேள்வி: அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல தண்ணி விட்டுக் கழுவ விடமாட்டாங்க. என்ன செய்யறது?

பதில்: செயினுக்குத் தண்ணீரே தேவையில்லை. 2024 மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்திலும் செயின் வேலை நிற்கவில்லை. கீழே அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள், தரையில் கறை படியாது, அசோசியேஷன் தாத்தாவும் சண்டைக்கு வரமாட்டார். வாட்டர் வாஷ் கடையில் செயினுக்கு நேராக பிரஷர் அடிக்கவும் விடாதீர்கள். வளையத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும்.

கேள்வி: எண்ணெயை எந்த இடத்துல விடணும்? நான் மேலாக ஸ்ப்ரே பண்றேன், வீல் முழுக்கத் தெறிக்குது.

பதில்: நல்ல கேள்வி. முக்கால்வாசிப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். செயினின் வெளிப்பக்கத்தில் போட்டால் சுற்றும் வேகத்தில் எண்ணெய் வெளியே பறந்துவிடும். கீழ் ஓட்டத்தின், அதாவது செயினின் கீழ்ப்பாதியின் உள்பக்கத்தில், ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் கடிக்கும் பக்கத்தில் விடுங்கள். சுற்றும்போது அதுவே வெளிநோக்கி ஊறிப் பரவும். ஓ-ரிங் இல்லாத சாதாரணச் செயினில் தகடும் தகடும் சேரும் இடுக்கில் இரு பக்கமும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் பின் கம்பி வரை போய்ச் சேரும். செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, இரும்பு இழுபட்டு நீளவில்லை. பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் இடைவெளி கூடியிருக்கிறது. எண்ணெய் போக வேண்டிய இடம் அது.

ஓட்டிவிட்டு வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது போட்டு, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தெறிப்பது நின்றுவிடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில், வீலைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் சுற்றவே கூடாது. துணி பல்லில் மாட்டினால் விரலும் கூடவே போகும்.

கேள்வி: பழைய இன்ஜின் ஆயில் சும்மா கிடைக்குதே?

பதில்: அதில் தேய்ந்த இரும்புத் தூளும் கரியும் இருக்கும். வேண்டாம். ஸ்ப்ரே கட்டுப்படியாகவில்லையென்றால் 90 கியர் ஆயில் வாங்குங்கள், ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். கொஞ்சம் தெறிக்கும், துடைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஓசூர்ல ஒரு மெக்கானிக் செயினை நல்லா டைட் வச்சுக் கொடுத்தார். ஆனா ஒரு முனகல் சத்தம்.

பதில்: உடனே தளர்த்துங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் பேரிங்குக்கு அடி. பல கம்யூட்டர் வண்டிகளுக்குக் கீழ் ஓட்டத்தின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. மேலும் கீழும் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு மேனுவலில் இருக்கும். வீலைச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒரு இடத்தில் இறுக்கம், இன்னொரு இடத்தில் தொளதொள என்றால் செயின் செட் (செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும்) மாற்றும் நேரம். செயினை மட்டும் மாற்றாதீர்கள், தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும்.

கேள்வி: நானே செயின் கழட்டி மாட்டினேன். லாக் எந்தப் பக்கம் வரணும்?

பதில்: லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த வாய் பின்னால். திருப்பிப் போட்டிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், இப்போதே மாற்றிப் போடுங்கள்.