ஃபேன் ஃபிக்ஷனில் நட்பும் பரிசும்: கேள்வி பதில்

மாயாஜால உலகங்களை வைத்து ஃபேன் ஃபிக்ஷன், அதாவது பிடித்த கதையின் பாத்திரங்களைக் கொண்டு ரசிகர்கள் எழுதும் கதை, எழுதுகிறவர்கள் கேட்டவற்றில், நட்பையும் பரிசையும் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, என் கதையில் மந்திரக்காரி ஒருத்தி தன் உயிர்த்தோழனுக்கு ஒளிவீசும் வாளைப் பரிசளிக்கிறாள். படித்தவர்கள் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். எங்கே தவறு?

அந்த வாளை அவள் எந்த வீரனுக்கும் கொடுத்திருக்கலாம். சிக்கல் அங்கேதான். அவன் இடக்கைக்காரன் என்று முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. இடக்கைக்காரன் வாளை வலப்பக்கம் தொங்கவிடுவான். படையில் கொடுக்கும் உறையோ இடப்பக்கத்துக்கென்று தைத்தது. வார் முறுக்கிக்கொண்டு இடுப்பை அறுக்கும். வாளை விடுங்கள், வார் மாற்றித் தைத்த உறை ஒன்றை அவள் நீட்டட்டும். அவன் கட்டிப் பார்க்கிறான், வார் பாந்தமாக உட்காருகிறது, "இதை எப்போ கவனிச்சே?" என்கிறான். அவர்கள் நட்பைப் பற்றி நீங்கள் வேறெதுவும் எழுத வேண்டியதில்லை.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியல் பயணக் குழுவுக்கு விடைகொடுக்கும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். லெகோலஸுக்கு வில், போரோமிருக்குப் பொன் இடைவார். தோட்டக்காரன் சாமுக்கு ஒரு சின்னப் பெட்டி நிறைய அவள் தோட்டத்து மண்! வழியில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஊர் திரும்பினால் மரங்களெல்லாம் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடக்கின்றன. அந்த இடங்களில் கன்று நட்டு, ஒவ்வொன்றின் வேரிலும் அந்த மண்ணில் ஒரு துகள் இடுகிறான். சாம் யார் என்று தெரிந்தவர் மட்டுமே கொடுக்கக்கூடிய பரிசு அது.

வாய்விட்டுக் கேட்டு வாங்கினால் அது பரிசாகுமா?

தாராளமாக ஆகும். கேட்கிறவர் எவ்வளவு தயங்குகிறார் என்பதில்தான் காட்சியே இருக்கிறது. அதே டோல்கீன் கதையில் குள்ளர் இனத்துக் கிம்லி முதலில் எதுவும் வேண்டாம் என்கிறான். கலாட்ரியல் வற்புறுத்திய பிறகு அவள் கூந்தலில் ஓர் இழை கேட்கிறான், அவள் மூன்று தருகிறாள். எல்ஃப்களும் குள்ளர்களும் ஒருவரையொருவர் நம்பாத உலகம் அது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த மூன்று இழைகளின் கனம் புரியும்.

பரிசின் மந்திர சக்தியை அப்போதே சொல்லிவிட வேண்டுமா, பிறகு தெரியவைக்கலாமா?

கொடுப்பவருக்கு அதில் இழப்பு இருந்தால் மறைத்துவிடுங்கள். நமக்கு அதியமான் இருக்கிறானே! கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை, அதன் பயனைத் தனக்குள் அடக்கிக்கொண்டு ஔவைக்குத் தருகிறான். முன்பே சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருப்பாரா? புறநானூறு 91ஆம் பாடலில் இந்தக் காட்சி சில அடிகளில் முடிந்துவிடுகிறது. உங்கள் கதையில் உண்மை வெளிப்படும் காட்சியைக் கொடுத்த காட்சியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். நடுவில் அந்த நண்பர்கள் ஒருமுறை சண்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது.

என் நாயகன் ஏழை. இளவரசன் கொடுத்ததற்கு ஈடாக அவனால் எதுவும் தர முடியாது. நட்பு சமமில்லாமல் போய்விடுகிறதே?

அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள், அதையே எழுதுங்கள். வாங்கியவன் கூசுவான், சில நாள் விலகிக்கூடப் போவான். அதை எழுதாமல் தாண்டும் கதைகள்தான் பொய்யாகத் தோன்றுகின்றன. திருப்பித் தருவதற்குப் பொருள்தான் வேண்டும் என்று இல்லை. இளவரசனிடம் யாரும் சொல்லத் துணியாத ஓர் உண்மையை இவன் சொல்லலாம். ஹாரி பாட்டரில் முதல் கிறிஸ்துமஸுக்கு நண்பன் ரானின் அம்மா ஹாரிக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறார். வசதியில்லாத வீடு. ஆனால் ஹாரி பரிசே எதிர்பார்க்கவில்லை என்று ரான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். கம்பளி அம்மாவுடையது என்றாலும், அந்தப் பரிசில் ரானுக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்வேன்.

நட்புக் கதை எழுதினேன், காதல் கதை என்று நினைத்துவிட்டார்கள்.

ஃபேன் ஃபிக்ஷன் பதிவேற்றும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தின் குறிச்சொற்களில் இரு பாத்திரங்களின் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு (/) போட்டால் காதல், & போட்டால் நட்பு. குறிச்சொல்லைச் சரிபாருங்கள். குறி சரியாக இருந்தும் அப்படிப் படிக்கிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள், அது வாசகர் உரிமை.

தோழி ஒருத்தி தன் பிறந்தநாளுக்குக் கதை கேட்கிறாள், பணமும் தருகிறேன் என்கிறாள்.

கதையைக் கொடுங்கள், பணம் வேண்டாம். பாத்திரங்கள் வேறொருவருடையவை. காசு வாங்கினால் சட்டச் சிக்கல் வரலாம், நான் சொன்ன தளமும் வணிகத்தை அனுமதிப்பதில்லை. பதிவேற்றும்போது கதையை இன்னாருக்குப் பரிசு என்று குறிக்க அங்கே தனி இடமே உண்டு. அவள் பெயரை அதில் போடுங்கள்.

கதைப் பரிமாற்றத்தில் முதல்முறை சேர்கிறேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படி எழுதுவது?

பரிமாற்றம் என்றால் சேர்கிற ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கதை எழுதிப் பரிசளிப்பது. 2003 முதல் நடக்கும் யூல்டைட் என்ற பரிமாற்றத்தில் குறைந்தது 1000 சொற்கள் எழுத வேண்டும். எழுதியவர் யார் என்பது பிறகுதான் வெளியாகும். இப்படிப்பட்ட பரிமாற்றங்களில் பெறுபவர் பெரும்பாலும் ஒரு கடிதம் வைத்திருப்பார். அதில் 'வேண்டாதவை' பகுதியை முதலில் படியுங்கள். அங்கே மரணம் வேண்டாம் என்றிருந்தால், எவ்வளவு அழகான மரணக் காட்சி கையில் இருந்தாலும் அதை வேறு கதைக்கு எடுத்து வையுங்கள். அப்புறம் அவருக்குப் பிடித்தவை. எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். ஒன்றை எடுத்து அதிலேயே முழுக்க இறங்குங்கள். அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு சின்ன விஷயம், உதாரணமாக ஒரு துணைப் பாத்திரத்தின் மேலுள்ள பாசம், கதையில் இடம்பெற்றால் அவர் உடனே கண்டுகொள்வார். உங்களுக்குப் பரிசாக வந்த கதைக்கு வெறும் 'நன்றி' போதாது, பிடித்த ஒரு வரியையாவது குறிப்பிட்டு எழுதுங்கள்.