ரூட் செய்த கைப்பேசி: கடைக்காரர் கேட்கும் 120 ரிங்கிட்டைக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாற்றங்கால் வேலை பார்க்கிறேன். சம்பளம் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. என் பழைய கைப்பேசி மழையில் நனைந்து கெட்டுவிட்டது. மூன்று வாரங்களுக்கு முன் பட்டணத்தில் ஒரு கடையில், பயன்படுத்திய சாம்சங் கேலக்ஸி ஏ52 ஒன்றை 480 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ரசீதில் ‘ஒரிஜினல், நல்ல நிலை’ என்று கடைக்காரரே எழுதிக் கொடுத்தார். ஆனால் வங்கிச் செயலியைத் திறந்தால், இந்தக் கருவி ரூட் செய்யப்பட்டது என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கைப்பேசியை அணைத்துப் போடும்போதெல்லாம் முக்கோணக் குறியுடன் ஓர் எச்சரிக்கை வருகிறது. கடைக்காரர் இரண்டு முறை ‘ரீசெட்’ செய்து பார்த்தார், மாறவில்லை. இப்போது 120 ரிங்கிட் கொடுத்தால் புது சாப்ட்வேர் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்தச் செலவு கடைக்காரருடையது. அதைவிட, அவர் இலவசமாகவே செய்து தருகிறேன் என்றாலும் உடனே தலையாட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் இருக்கிறது.

கைப்பேசியின் இயங்குதளத்தில் பயனர் தொடக்கூடாது என்று தயாரிப்பாளர் பூட்டி வைத்திருக்கும் பகுதிகள் உண்டு. அந்தப் பூட்டைத் திறந்து முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொள்வதைத்தான் ரூட் செய்வது என்கிறோம். தெரிந்தவர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசியில் செய்துகொண்டால் அது அவர்கள் பாடு. அதை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவது வேறு விஷயம்.

இரண்டு முறை ரீசெட் செய்தும் மாறாததில் வியப்பில்லை. ரீசெட் என்பது உங்கள் படங்கள், செயலிகள், கணக்குகள் இருக்கும் பகுதியை மட்டுமே துடைக்கிறது. ரூட் செய்தவர் கைவைத்தது கைப்பேசி விழித்தெழும்போது முதலில் படிக்கும் பகுதியில்; அதற்கும் கீழே பூட்லோடர் என்ற வாயிற்காவலரின் பூட்டும் திறந்து கிடக்கிறது. வீட்டைக் கூட்டிப் பெருக்கினால் உடைந்த கதவுத் தாழ்ப்பாள் சரியாகிவிடுமா? நீங்கள் பார்க்கும் எச்சரிக்கை அந்தத் தாழ்ப்பாளைப் பற்றியதுதான். வங்கிச் செயலியும் அதைக் கண்டுதான் ஒதுங்குகிறது. 2022இல் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கைவிட்டு, பதிவு செய்த ஒரே கருவியின் வழியாகப் பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. அப்போதிருந்து நம் கைப்பேசியே பணப்பெட்டியின் சாவியாகிவிட்டது. சாவியை எவரோ பிரித்துப் பார்த்திருக்கிறார் என்றால் வங்கி தயங்குவது நியாயம்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மென்பொருளைப் பழையபடி போட்டுவிட முடியும். ஆனால் சாம்சங் 2013 முதல் தன் கைப்பேசிகளின் சில்லுக்குள் நாக்ஸ் என்ற பாதுகாப்புக்காக ஒரு மின் உருகியை வைத்துவருகிறது. அங்கீகாரம் இல்லாத மென்பொருள் ஒரு முறை ஏறினால் அது எரிந்துவிடும். எரிந்ததை எந்த மென்பொருளாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதன்பின் சாம்சங்கின் பணம் செலுத்தும் வசதியும் ‘செக்யூர் ஃபோல்டர்’ என்ற பூட்டிய கோப்பறையும் அந்தக் கைப்பேசியில் என்றைக்கும் வேலை செய்யா. அசல் மென்பொருள் போட்டுப் பூட்லோடரையும் பூட்டிவிட்டால் வங்கிச் செயலி பெரும்பாலும் திறந்துவிடும். ஆனாலும் ‘ஒரிஜினல்’ என்று ரசீதில் எழுதிய சொல் அப்போதும் பொய்யாகவே இருக்கும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். கைப்பேசியை அணையுங்கள். ஒலியைக் கூட்டும் பொத்தான், குறைக்கும் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்தியபடி, கணினியோடு இணைத்த கேபிளைச் செருகுங்கள். எச்சரிக்கைத் திரை வந்ததும் கூட்டும் பொத்தானை ஒரே ஒரு முறை, சட்டென்று தட்டுங்கள். நீண்ட நேரம் அழுத்திவிடாதீர்கள். பூட்டு மாற்றும் பகுதிக்குப் போய்விடும். அடுத்து வரும் திரையில் சிறிய எழுத்தில் ‘வாரண்டி வாய்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே சுழியம், எக்ஸ், சுழியம் என்று இருந்தால் உருகி நலம். கடைசியில் ஒன்று என்று இருந்தால் எரிந்துவிட்டது. அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். குறைக்கும் பொத்தானையும் மின் பொத்தானையும் சேர்த்து ஏழெட்டு விநாடி அழுத்தினால் வழக்கமான திரைக்குத் திரும்பிவிடலாம்.

இதனால்தான் கடைக்காரர் கையில் உடனே கொடுக்க வேண்டாம் என்றேன். அவர் மென்பொருளை மாற்றிவிட்டால் எச்சரிக்கைத் திரையும் வங்கிச் செயலியின் மறுப்பும் மறைந்துவிடும். எரிந்த உருகியைத் தவிர உங்கள் கையில் வேறு சான்று மிஞ்சாது. முதலில் எச்சரிக்கைத் திரை, வங்கிச் செயலியின் மறுப்பு, ‘வாரண்டி வாய்ட்’ வரி உள்ள திரை ஆகிய மூன்றையும் ரசீதையும் படம் பிடியுங்கள். பிறகு கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. பயன்படுத்திய பொருள் என்பதற்காக வியாபாரி தப்பிக்க முடியாது. அதன் விலையையும் அதைப் பற்றி அவர் சொன்னதையும் வைத்துத் தரத்தை அளப்பார்கள். அவர் சொன்னது எழுத்திலேயே இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் ஒட்டியிருந்தாலும் இந்தச் சட்டம் தரும் உரிமையை அந்த அட்டை பறிக்காது. ஆனால் பொருளை மறுக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது. இனி நாள் கடத்தாதீர்கள்.

கடைக்காரர் மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு மனு கொடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மனுவை இணையத்திலேயே கொடுக்கலாம். 480 ரிங்கிட் சின்னத் தொகை, யார் அலைவது என்று விட்டுவிடாதீர்கள். நாற்றங்காலில் வெயிலில் நின்று எத்தனை நாள் உழைத்தால் அது கைக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று, இன்றே செய்ய வேண்டியது. அந்தக் கைப்பேசியில் கூகுள் கணக்கையோ வங்கிக் கடவுச்சொல்லையோ உள்ளிட்டிருந்தால், வேறொரு நம்பகமான கைப்பேசியிலிருந்து அவற்றை மாற்றிவிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் உள்ளே என்ன விட்டுவைத்தார் என்று நமக்குத் தெரியாது. கணக்கில் அறியாத பணப் பரிமாற்றம் தெரிந்தால் உடனே வங்கியை அல்லது 997 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள்.

கேள்வி: ஐயா, கல்லூரி மாணவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கேலக்ஸி ஏ52 கைப்பேசியை நானே ரூட் செய்தேன். இப்போது வங்கிச் செயலி எதுவும் திறக்கவில்லை. கடையில் 150 ரிங்கிட் கேட்கிறார்கள். நானே பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: ரூட் செய்யத் தெரிந்த தம்பிக்கு இதுவும் முடியும். அவசரப்படாமல் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியது, சாம்சங்கின் அசல் மென்பொருள் கோப்பை மறுபடி கைப்பேசியில் ஏற்றுவது. முதலில் மாடல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஏ52’ என்று பெயரை மட்டும் வைத்துக் கோப்பைத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பெயரில் 4ஜி கைப்பேசியும் உண்டு, 5ஜி கைப்பேசியும் உண்டு. ஒன்றின் மாடல் எண் ஏ525 என்று தொடங்கும், மற்றதன் எண் ஏ526 என்று தொடங்கும். ஒன்றுக்கு உரியதை மற்றதில் போடக்கூடாது. மலேசியாவில் விற்கும் சாம்சங் கைப்பேசிகளின் வட்டாரக் குறி எக்ஸ்எம்இ; அந்தக் குறிக்குரிய கோப்பையே தேடுங்கள். அடுத்து, இப்போது இருக்கும் மென்பொருள் பதிப்பின் நீண்ட எண்ணை எடுத்துக் கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிற்கும் எழுத்தைப் பாருங்கள். பதிவிறக்கும் கோப்பில் அதே இடத்தில் அதைவிடக் குறைந்த எண் இருந்தால் கைப்பேசி அதை ஏற்காது. பழைய பதிப்புக்குப் பின்வாங்க முடியாதபடி சாம்சங் வைத்திருக்கும் தடுப்பு அது.

சாம்சங் இந்தக் கோப்புகளைப் பொதுமக்களுக்காக வெளியிடுவதில்லை. சாம்சங்கின் சேவையகத்திலிருந்தே கோப்பை எடுத்துத் தரும் கருவிகள் இருக்கின்றன. அந்த வழி நல்லது. ‘வேகம் கூட்டியது’, ‘தேவையற்றதை நீக்கியது’ என்றெல்லாம் பெயர் வைத்துப் பகிரப்படும் கோப்புகளின் பக்கமே போகாதீர்கள். அளவு சில ஜிபி வரும். தோட்டத்துப் பக்கம் அலைவரிசை விட்டுவிட்டு வரும் என்பதால், நல்ல வைஃபை உள்ள இடத்தில் பதிவிறக்கிக்கொண்டு வாருங்கள்.

படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், எல்லாமே அழியும். பிறகு கூகுள் கணக்கையும் திரைப் பூட்டையும் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். இதை மறந்தவர்கள் நிறைய பேர். கணக்கை நீக்காமல் துடைத்தால், பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு கைப்பேசி உங்களையே திருடனாகப் பார்க்கும்.

கோப்பை ஏற்றப் பயன்படுவது ஓடின் என்ற விண்டோஸ் மென்பொருள். மேசைக் கணினியைவிட மடிக்கணினி நல்லது. நம் ஊரில் மாலையில் இடியோடு மழை வந்தால் மின்சாரம் ஒரு கணம் கண்ணடிக்கும். ஏற்றிக்கொண்டிருக்கும் நடுவில் கணினி அணைந்தால் கைப்பேசி அந்தரத்தில் நிற்கும். கைப்பேசியிலும் பாதிக்கு மேல் மின்னூட்டம் இருக்கட்டும். கேபிளையும் சோதியுங்கள். போன ஆண்டு என் அக்காள் மகனின் கைப்பேசிக்கு இதைச் செய்தபோது, கருவி இணைந்ததும் ஓடினில் நீலமாக மாற வேண்டிய கட்டம் அரை மணி நேரம் வெறுமையாகவே இருந்தது. கைப்பேசியைக் கணினி அடையாளம் காண உதவும் ‘டிரைவர்’ மென்பொருளை இரண்டு முறை நிறுவினோம், கணினியையும் அணைத்துப் போட்டோம். கடைசியில் பார்த்தால் குற்றம் இரவுச் சந்தையில் 3 ரிங்கிட்டுக்கு வாங்கிய கேபிளுடையது. அதில் மின்சாரம் ஓடும், தரவு ஓடாது. வேறு கேபிளை மாற்றிய மறுநொடியே கட்டம் நீலமானது.

பதிவிறக்கிய தொகுப்பை விரித்தால் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று தொடங்கும் கோப்புகள் கிடைக்கும். மேலே அம்மாவுக்குச் சொன்ன பொத்தான் முறையில் கைப்பேசியைப் பதிவிறக்கத் திரைக்குக் கொண்டுபோய்க் கணினியோடு இணைத்து, ஓடினில் அதே பெயருள்ள கட்டங்களில் அவற்றை வையுங்கள். ‘ஹோம் சிஎஸ்சி’ என்று இன்னொன்றும் இருக்கும். அது தரவை அழிக்காமல் விடுவது. உங்களுக்கு வேண்டியது சுத்தமான தொடக்கம், அதனால் வெறும் சிஎஸ்சி போதும். ஏபி கோப்பு பெரியது. அதைச் சரிபார்க்கும்போது ஓடின் உறைந்துபோனது போலத் தோன்றும். பொறுத்திருங்கள். ‘ரீ-பார்ட்டிஷன்’ என்ற இடத்தில் குறியிட வேண்டாம். தொடங்கிய பின், பச்சையில் ‘பாஸ்’ என்று வரும்வரை கேபிளை யாரும் தொடக்கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

கைப்பேசி அசல் மென்பொருளில் எழுந்து, வைஃபையும் சிம்மும் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்த பிறகே பூட்லோடரைப் பூட்ட வேண்டும். மறுபடி அந்தப் பதிவிறக்கத் திரையின் எச்சரிக்கைக்குப் போய், இம்முறை ஒலி கூட்டும் பொத்தானை நீண்ட நேரம் அழுத்துங்கள். பூட்டும்போது மீண்டும் ஒரு முறை எல்லாம் அழியும். ஆகவே அதற்கு முன் செயலிகளை நிறுவி நேரத்தை வீணாக்காதீர்கள். மாற்றிய மென்பொருள் உள்ளே இருக்கும்போதே பூட்டினால் கைப்பேசி எழ மறுத்துவிடும். சியோமி கைப்பேசி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: சீனச் சந்தைக்கான கைப்பேசியில் உலகப் பதிப்பைப் போட்டுப் பூட்டியவர்கள் கைப்பேசியையே இழந்திருக்கிறார்கள். கூகுள் பிக்சல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அசல் கோப்புகளை கூகுளே வெளியிடுகிறது, உலாவியிலிருந்தே ஏற்றலாம்.

எல்லாம் முடிந்ததும் ப்ளே ஸ்டோரின் அமைப்புகளில் ‘பற்றி’ என்ற பகுதியைத் திறந்து, சாதனம் சான்றளிக்கப்பட்டது என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வங்கிச் செயலியை நிறுவலாம். மேலே அம்மாவுக்குச் சொன்ன உருகி உங்கள் கைப்பேசியிலும் எரிந்துதான் இருக்கும். நாளை அதை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள்.

கேள்வி: முகநூலில் தனிநபரிடம் பழைய கைப்பேசி வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியைத்தான் கட்டுப்படுத்தும், தன் பழைய பொருளை விற்கும் தனிநபர் மீது நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது. அதனால் பணம் கைமாறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். கைப்பேசியை அணைத்து, உங்கள் கையாலேயே போடுங்கள். முதல் பத்து விநாடி திரையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பூட்லோடர் திறந்திருந்தால் எச்சரிக்கை அப்போதுதான் வரும். ப்ளே ஸ்டோரில் அந்தச் சான்றிதழைப் பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது கைப்பேசியின் அடையாள எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். உங்கள் வங்கிச் செயலியை நிறுவி அது திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடவுச்சொல் போட வேண்டாம். கடைசியாக, விற்பவர் தம் கூகுள் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கட்டும். கடவுச்சொல் மறந்துவிட்டது, வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்றால், அதை அனுப்பிய பிறகு பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.