பழைய மால்ட் டப்பா, காட்டமான கசப்பு பீர்: கேள்விகளும் பதில்களும்

தேதி முடிந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கிட்டை (முளைகட்டிய தானியச் சாற்றைக் கெட்டிப் பாகாக்கி டப்பாவில் அடைத்தது) வைத்து ஆல்கஹால் 7 சதவீதத்தைத் தொடும், நாக்கில் நன்றாகக் கசக்கும் பீர் காய்ச்ச முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடியும். பழசாக இருக்கலாம் என்றால் அது மால்ட் மட்டும்தான். நொதிக்கவைக்கும் ஈஸ்ட், கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

அண்ணா, 1.7 கிலோ டப்பா ரெண்டு இருக்கு. தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. தூக்கிப் போட்டுடவா?

முதலில் டப்பாவைப் பாருங்கள். மூடியோ அடியோ உப்பியிருந்தால், ஓரத்தில் கசிவு இருந்தால், திறக்கும்போது காற்று பீய்ச்சி வந்தால், ருசி பார்க்காமல் போட்டுவிடுங்கள். அதில் பேரமே வேண்டாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பாகில் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர். அவ்வளவு கெட்டியில் கிருமி எளிதில் வளராது. ஆனால் உள்ளே இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருக்கும். நிறம் கறுப்பது அதனால்தான். வெப்பமான இடத்தில் இருந்த டப்பா இன்னும் வேகமாகக் கறுத்திருக்கும்.

திறந்ததும் ஒரு டீஸ்பூன் பாகை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். காய்ந்த திராட்சை, பேரீச்சை, கருகின சர்க்கரை மாதிரி இருந்தால் நல்ல சரக்கு. சோயா சாஸ் வாடை, மை வாடை லேசாக அடித்தால் அந்த டப்பாவில் பாதியை மட்டும் எடுத்து, மீதிக்குப் புது மால்ட் சேர்க்கலாம். வாடை தூக்கலாக இருந்தால் வேண்டாம். எத்தனை ஹாப்ஸ் போட்டாலும் அதை மறைக்க முடியாது. கசப்பு தித்திப்பைச் சமன் செய்யும், பழைய வாடையைச் சமன் செய்யாது.

இன்னொன்று. டப்பாவின் மேல் லேகர் என்று எழுதியிருந்தாலும் அதை மறந்துவிடுங்கள், தங்க நிறம் இனி வராது. செம்புக்கும் காப்பிக் கொட்டைக்கும் நடுவில் ஒரு நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

டப்பாவிலேயே ஹாப்ஸ் சேர்த்ததுன்னு போட்டிருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சா கசப்பு கூடுமா சார்?

கூடாது. ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறினால்தான் கசப்பு கரைந்து இறங்கும். கிட் தயாரிக்கும்போதே அந்த வேலை முடிந்துவிட்டது. நீங்கள் கொதிக்கவைத்தால் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச வாசனையும் ஆவியாகிவிடும், நிறமும் இன்னும் கறுக்கும். அதனால் டப்பாப் பாகை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள்.

டப்பாவின் கசப்பைக் கணக்கில் எடுக்க மறக்காதீர்கள். ஒரு டப்பா 23 லிட்டரில் 25 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு) தரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டப்பாவை 20 லிட்டரில் கலந்தால் 25 × 2 × 23 ÷ 20, அதாவது சுமார் 57. வருடங்கள் ஓடியதில் கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் போயே போயிருக்காது. இதைக் கணக்குப் பார்க்காமல் மேலே 60 ஐபியூவுக்கு ஹாப்ஸ் போட்டுவிட்டு, குடிக்க முடியவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

நேரா அளவைச் சொல்லிடுங்களேன்.

20 லிட்டருக்குச் சொல்கிறேன்.

பழைய டப்பா 2 (மொத்தம் 3.4 கிலோ), புது உலர் மால்ட் தூள் 850 கிராம், சாதா சர்க்கரை 300 கிராம். கசப்புக்கு 12 சதவீத ஆல்ஃபா உள்ள மேக்னம் மாதிரி ஹாப்ஸ் 20 கிராம், கடைசியில் வாசனைக்கு 30 கிராம், நொதித்த பிறகு போட 60 கிராம். புது ஏல் ஈஸ்ட் (ஏல் வகை பீருக்கானது) 11 கிராம் பாக்கெட் இரண்டு.

8 லிட்டர் தண்ணீரில் மால்ட் தூளைக் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். அந்தக் கரைசல் ஏறக்குறைய 1.040 அடர்த்தியில் இருக்கும் (வெறும் தண்ணீர் 1.000). கொதி வந்ததும் மேக்னம், அதிலிருந்து 60 நிமிடம். பாகு முழுவதையும் முதலிலேயே கொட்டினால் கரைசல் கெட்டியாகி ஹாப்ஸின் கசப்பு சரியாக இறங்காது. இந்த 20 கிராம் ஏறக்குறைய 30 ஐபியூ தரும். நுரை பொங்கும் கட்டம் ஹாப்ஸ் போட்ட முதல் சில நிமிடங்கள். அப்போது பாத்திரத்தை விட்டு நகராதீர்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் வாசனை ஹாப்ஸ். அடுப்பை அணைத்துவிட்டு டப்பாப் பாகு, சர்க்கரை. டப்பாக்களை அதற்கு முன் கால் மணி நேரம் சுடுதண்ணீரில் நிறுத்திவைத்தால் பாகு தானாக இறங்கும். கரண்டியால் அடி வரை துழாவிக் கரையுங்கள், சூடான அடியில் தங்கினால் தீயலாம். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, கொதிக்கவைத்து ஆறின தண்ணீரால் 20 லிட்டராக்குங்கள்.

தொடக்க அடர்த்தி 1.073 பக்கம் வரும். நொதித்து முடிந்து 1.018இல் நின்றால் சாராய அளவு 7.2 சதவீதம்.

வாசனைக்கு எந்த ஹாப்ஸ்? எனக்கு சிட்ரஸ் வாடை பிடிக்கும்.

உங்கள் பீர், உங்கள் இஷ்டம். ஆனால் பழைய மால்ட்டின் திராட்சை ருசியும் எலுமிச்சை, சாத்துக்குடி வாடையும் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பது என் அபிப்பிராயம். ஈஸ்ட் கென்ட் (East Kent) கோல்டிங்ஸ், ஃபக்கிள், நார்தர்ன் ப்ரூவர் மாதிரி மண்வாசனை, மர வாசனை உள்ளவை இதோடு ஒட்டிப்போகும். சிட்ரஸ்தான் வேண்டுமென்றால் அந்தக் காசைப் புது மால்ட்டில் போடுங்கள்.

கிரிஸ்டல் மால்ட் ஊறவைக்கலாமா?

வேண்டாம். கிரிஸ்டல் மால்ட் என்ற அந்த வறுத்த தானியம் தரும் கேரமல் தித்திப்பைப் பழைய பாகே தந்துவிடும். நிறம் இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் 150 கிராம் சாக்லேட் மால்ட்டை (கறுக்க வறுத்த தானியம்) 68 டிகிரி தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, கொதிக்கு முன் வடிகட்டி எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை சேர்த்தா தரம் குறையும்னு சொல்றாங்களே? மூணாவது டப்பா இருக்கு, அதைப் போட்டா என்ன?

மூன்று டப்பா 20 லிட்டரில் 1.076 தரும், கசப்பும் 86 ஐபியூ பக்கம் போகும். காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பாகில் ஈஸ்ட் தின்ன முடியாத பகுதி அதிகம், ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்து குறைவு. நொதித்தல் சீக்கிரமே நின்றுபோய், கனமான, திகட்டுகிற பீர் கிடைக்கும். சர்க்கரை முழுக்க நொதித்து பீரின் கனத்தை இளக்கும். காட்டமான கசப்பு பீருக்கு அதுதான் தேவை. மொத்தச் சர்க்கரைச் சத்தில் 15 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

டப்பா மூடிக்கு அடியில் இருக்கும் பழைய ஈஸ்ட் பாக்கெட்டை என்ன செய்ய?

கொதியின் கடைசி பத்து நிமிடத்தில் உள்ளே கொட்டுங்கள். செத்த ஈஸ்ட், உயிருள்ள ஈஸ்ட்டுக்கு நல்ல தீனி. அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கருவி) 1.052 காட்டுது. எங்கே போச்சு மிச்சம்?

எங்கேயும் போகவில்லை, அடியில் இருக்கிறது. கெட்டியான கரைசலின் மேல் தண்ணீர் ஊற்றி அளவைச் சரிசெய்தால் இரண்டும் அவ்வளவு எளிதில் கலக்காது. நீங்கள் மேல் பகுதியிலிருந்து எடுத்துப் பார்த்திருப்பீர்கள். குழாய் வழியாக அடியிலிருந்து எடுத்திருந்தால் 1.090 கூடக் காட்டியிருக்கும். டப்பாவின் எடையும் லிட்டர் அளவும் சரியாக இருந்தால் கணக்கை நம்பலாம். பயந்துபோய் இன்னொரு கிலோ சர்க்கரையை மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

ஈஸ்ட் போடுவதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள். பாகும் கலக்கும், ஈஸ்ட்டுக்கு வேண்டிய ஆக்சிஜனும் சேரும். நொதிக்கத் தொடங்கிய பிறகு குலுக்கவே கூடாது.

ரூம் சூடு 30 டிகிரி. பரவாயில்லையா ப்ரோ?

சாதா ஏல் ஈஸ்ட்டுக்கு நிச்சயம் கூடாது. நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும், உள்ளே அறையைவிடச் சில டிகிரி அதிகமாக இருக்கும். காட்டமான பீரில் அந்தச் சூடு தலைவலி தரும் கனமான ஆல்கஹால்களாகத்தான் முடியும். 18 முதல் 20 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கலனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, மேலே ஈரத் துணி சுற்றி, காலையும் மாலையும் ஐஸ் பாட்டிலை மாற்றுங்கள். முதல் மூன்று நான்கு நாள்தான் முக்கியம். அந்தப் பாடு வேண்டாம் என்றால் நார்வேயின் க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள், 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும்.

1.024இல் நின்னு ஒரு வாரமாச்சு.

எதில் அளந்தீர்கள்? ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து அளப்பது) என்றால் ஆல்கஹால் இருக்கும்போது அது நேரடியாகச் சரியான அளவைக் காட்டாது, ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். அதிலும் 1.024 என்றால் கலனை 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும்படி மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு மூன்று புள்ளி (0.002, 0.003) இறங்கலாம். பழைய பாகுக்கு 1.020 சகஜம்.

ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரையையும் உடைக்கும் குளூக்கோஅமைலேஸ் என்சைம் போட்டு இறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது எங்கே நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. எலும்பாக வறண்ட பீரில் 80 ஐபியூ கசப்பு நாக்கைச் சுரண்டும். அடர்த்தி இறங்கி முடியும் முன் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கவும் வெடிக்கும். நான் போட மாட்டேன்.

கசப்பு தாங்க முடியலை, வாயெல்லாம் இழுக்குது. என்ன தப்பு?

வாய் இழுப்பது துவர்ப்பு, அதற்குக் காரணம் வேறு. ஊறவைத்த தானியத்தைக் கொதிக்கவிட்டிருந்தால் அதன் உமியிலிருந்து வரும். அது பெரிதாகக் குறையாது. நொதித்த பிறகு போட்ட ஹாப்ஸை வாரக்கணக்கில் உள்ளேயே விட்டிருந்தாலும் வரும், நான்கு நாள் போதும். நாக்கின் பின்பக்கம் நிற்கும் வெறும் கசப்பு என்றால் பாட்டிலை இரண்டு மூன்று மாதம் தொடாதீர்கள். கசப்பு தானாக மழுங்கும்.

வீட்ல காய்ச்சுறது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். டப்பாவைத் திறப்பதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது எவ்வளவு சர்க்கரை?

லிட்டருக்கு 5 கிராம், 20 லிட்டருக்கு 100 கிராம். இந்த வகைக்கு நுரை அதிகம் வேண்டாம். மூன்று நாள் இடைவெளியில் அடர்த்தி மாறவில்லை என்று பார்த்த பிறகே அடையுங்கள். பழுப்பு பாட்டிலாக இருக்கட்டும், வெள்ளைப் பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸ் நாறிவிடும். மூடியில் தேதி எழுதிவையுங்கள்.