பானை ஓடு கழுவத்தான் போகிறோமா?

அன்புள்ள ஐயா,

பழைய கோட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த சூட்டில், வெளிநாட்டில் ஒரு ரோமானியக் கோட்டை அகழாய்வுக்குத் தன்னார்வலராக விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். அதுபோல ஓரிடத்துக்குப் போய்வந்த தோழி ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "முட்டி தேய மண் சுரண்டினேன், மீதி நேரம் உடைந்த பானை ஓடுகளைக் கழுவினேன். வாளும் இல்லை, கேடயமும் இல்லை. புல்டோசர் விட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை" என்கிறாள். அங்கே ஒரு நாள் உண்மையில் எப்படிப் போகும்? இதற்காக அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சுரண்டுவது, சுமப்பது, கழுவுவது என்றுதான் முக்கால்வாசி நாள் போகும். வாள் கிடைக்கவில்லை என்று அவர் குறைப்படுவதில்தான் எனக்குச் சண்டை. கோட்டையில் சிப்பாய் சண்டை போட்ட நாட்கள் சொற்பம். சமைத்து, தூங்கி, காவல் நின்று, ஒழுகும் கூரையை அடைத்த நாட்களே அதிகம். மண்ணில் தங்கியிருப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களின் குப்பைதான்.

நாள் எப்படிப் போகும் என்பது முதலில் வெயிலைப் பொறுத்தது. பாலைவனக் கோட்டை என்றால் விடிகிறபோதே குழியில் இறங்கி, உச்சி வெயிலுக்கு முன் ஏறிவிடுவார்கள். பிற்பகல் முழுக்க ஓடு கழுவுவதும் எண் எழுதுவதும். சாக்கடல் ஓரத்து மசாடா மலைக்கோட்டையில் 1963 முதல் 1965 வரை தோண்டிய இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகேல் யாதின், கோடையே வேண்டாம் என்று இரண்டு குளிர்காலப் பருவங்களை எடுத்துக்கொண்டார். 28 நாடுகளிலிருந்து ஆட்கள் சொந்தச் செலவில் வந்து சேர்ந்தார்கள். மலையடிவாரத்தில் கூடாரம், தினமும் ஏற்றம், போதாததற்குக் கூடாரத்தைக் கிழிக்கும் புயல்காற்று. மழைநாடு என்றால் வெயிலுக்குப் பதில் சேறு. மழை வலுத்தால் எல்லோரும் கழுவும் கொட்டகைக்குப் போய்விடுவார்கள்.

குழிக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் தோழியின் புல்டோசர் பேச்சுக்கு விடை அதில்தான் இருக்கிறது. கொத்தனார் கரண்டியின் விளிம்பால் மண்ணை உங்களை நோக்கி வழித்துக்கொண்டே, முட்டி போட்டபடி பின்னால் நகர வேண்டும். வழித்த தரையை மிதிக்கக் கூடாது. காய்ந்தால் நிறம் மங்கிவிடும் என்பதால் அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார்கள். அப்படித் தெளித்த ஒரு கணத்தில், மஞ்சள் மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். மரக்கம்பம் நட்ட குழி அது.

உடனே அதைத் தோண்டிவிட மாட்டார்கள். நடுவே நூல் பிடித்து, ஒரு பாதியை மட்டும் எடுப்பார்கள். நிற்கிற பாதியின் வெட்டுமுகத்தைப் பார்த்தால், கம்பம் மக்கிய கருமண் நடுவிலும் அதை இறுக்கத் திணித்த கற்கள் சுற்றிலுமாகத் தெரியும். அதைப் படம் எடுத்து, அளந்து வரைந்து, தாளில் எழுதிய பிறகுதான் மறுபாதி. கம்பம் நின்ற இடத்திலேயே மக்கியிருந்தால் கருமண் நேராக இறங்கும். ஆட்டிப் பிடுங்கியிருந்தால் குழியின் வாய் ஒரு பக்கம் அகன்று, கற்கள் கலைந்து கிடக்கும். வரிசையாகப் பிடுங்கிய குழிகள் வந்தால், கோட்டையைப் பிரித்து மரத்தை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று யோசிக்கலாம். ரோமானியர்கள் இடம் மாறும்போது தாங்களே கோட்டையைப் பிரிப்பது வழக்கம். ஸ்காட்லாந்தின் இஞ்ச்டூதில் கோட்டையை கி.பி. 80களில் கைவிட்டபோது, எதிரி கையில் இரும்பு சிக்கக் கூடாது என்று லட்சக்கணக்கான ஆணிகளைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள். 1960இல் அவை வெளியே வந்தன.

மேல்மண்ணை வழிக்க இயந்திரம் வைப்பதுண்டு, அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் கறுப்பு வட்டத்தை இயந்திரம் பார்க்காது. ஒருமுறை தோண்டிய மண்ணை மறுபடி தோண்டவும் முடியாது. எழுதி வைக்காவிட்டால் அகழாய்வுக்கும் புதையல் வேட்டைக்கும் என்ன வித்தியாசம்?

இங்கிலாந்தின் மெய்டன் காசிலை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கால மலைக்கோட்டை அது. 1934 முதல் 1937 வரை அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், கிழக்கு வாயிலில் எலும்புக்கூடுகளைக் கண்டார். சிலவற்றில் வெட்டுக்காயம், ஒன்றின் முதுகெலும்பில் இரும்பு முனை. ரோமானியப் படை கோட்டையைத் தாக்கிய நாளை அப்படியே கண்முன் நிறுத்தி எழுதினார். அபாரமான எழுத்து. பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. உடல்கள் கவனமாக, பாத்திரங்களோடு அடக்கம் செய்யப்பட்டிருந்தன. எல்லோரும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள். அவரோடு வாதாட அவருடைய பதிவுகளே உதவின. வீலரின் கதையை விட வீலரின் அளவைத் தாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குப்பைக்கு வருகிறேன். இங்கிலாந்தின் வடக்கே ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்திலுள்ள விண்டோலாண்டா கோட்டையில், 1973இல் ராபின் பர்லி ஈரமண்ணிலிருந்து மெல்லிய மரச்சீவல்களை எடுத்தார். ஒட்டிக்கிடந்த இரண்டைப் பிரித்தால் உள்ளே மை எழுத்து! காற்று பட்டதும் அது மங்கிவிட, அகச்சிவப்புப் படம் எடுத்துத்தான் படிக்க முடிந்தது. பிறகு கிடைத்த ஓர் ஏடு படைக்கணக்கு. துங்ரியர் என்ற இனத்தாரின் பெயர் கொண்ட ரோமானியப் படைப்பிரிவில் மொத்தம் 752 பேர். கோட்டையில் இருந்தவர்கள் 296 பேர்தான். அதிலும் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய்க்காரர்கள் 10. பேருக்கு ஒரு பெரிய படை, கையில் நின்றது 265 ஆள். எந்த வாள் இதைச் சொல்லும்?

ஆகவே போய்வாருங்கள். முட்டிக்கு மெத்தையும், தொப்பியும், கைக்குப் பழகிய சின்னக் கரண்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முதுகு உங்களைத் திட்டும். கழுவும் கொட்டகைக்கு அனுப்பினால் முகம் சுளிக்க வேண்டாம்: ஓடுகளைப் பார்த்துக் காலம் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வந்துபோவார், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அளவைப் படம் வரையக் கற்றுத்தரச் சொல்லி நச்சரியுங்கள். விண்டோலாண்டாதான் உங்கள் மனதில் என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், தன்னார்வலர் இடங்கள் அங்கே சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அன்புடன்.