180 சோல் இசைத்தட்டுகள், 400 பவுண்டு: கொடுத்துவிடலாமா?

இங்கிலாந்தின் போல்டனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் போன வருடம் காலமாகிவிட்டார். பரணை ஒழித்தபோது ஒரு மரப்பெட்டி நிறைய ஏழு அங்குல இசைத்தட்டுகள் கிடைத்தன. எண்ணினால் 180 சொச்சம், எல்லாம் 60களின் சோல் பாட்டுகள், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை, போலத் தெரிகிறது. சிலவற்றின் லேபிளில் பெரிதாக ‘ஏ’ என்று அச்சடித்திருக்கிறது, இரண்டில் லேபிளே தெரியாதபடி வெள்ளைத்தாள் ஒட்டி யாரோ ஒரு பாடகர் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறது, ஒன்று தகரம் மாதிரி கனக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் 400 பவுண்டு தருகிறேன் என்கிறாராம். கொடுத்துவிடலாமா, கழுவி வைத்தால் விலை கூடுமா, இணையத்தில் ஒரே பாட்டுக்கு 3 பவுண்டும் காட்டுகிறது 3,000 பவுண்டும் காட்டுகிறது, எதை நம்புவது என்பது அவர் கேள்வி.

கழுவ வேண்டாம், தாளை உரிக்க வேண்டாம், இந்த வாரம் விற்கவும் வேண்டாம். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

400 பவுண்டு என்றால் தட்டுக்கு இரண்டு பவுண்டு சொச்சம். இது அநியாய விலை என்று பார்க்காமலே சொல்லிவிட முடியாது. பெட்டி முழுக்க டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனியுடைய பிரிட்டிஷ் லேபிளான டாம்லா மோடவுனில் லட்சக்கணக்கில் விற்ற ஹிட் பாட்டுகளும் கீறல் விழுந்த தட்டுகளுமாக இருந்தால், அதற்கு மேல் கொடுக்கிறவர் நஷ்டப்படுவார். ஆனால் தாள் ஒட்டிய தட்டு வைத்திருந்த மனிதர் ஹிட் பாட்டு மட்டும் வாங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. போல்டனிலிருந்து விகன் பத்து மைல்கூட இருக்குமா? 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர் வரை விகன் கேசினோ என்ற நடன அரங்கில் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஆரம்பித்து ஞாயிறு காலை எட்டு மணி வரை ஆட்டம் நடந்தது. அதற்கு முன் மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல் என்ற கிளப் இருந்தது. அந்தப் பக்கத்து ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு ஆடியதெல்லாம் அமெரிக்காவிலேயே ஓடாத பாட்டுகள்தான். டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் சின்னச் சின்ன கம்பெனிகள் சில நூறோ சில ஆயிரமோ அடித்து, வானொலியில் யாரும் போடாமல், கிடங்கில் தூங்கிய தட்டுகள் அவை. லண்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டேவ் கோடின், கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வரும் பையன்கள் புதுப் பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இந்த மாதிரியே கேட்கிறார்கள் என்று கவனித்து வைத்த பெயர்தான் ‘நார்தர்ன் சோல்’. 1970-ல் பத்திரிகையிலும் எழுதினார், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆக இங்கே விலையை முடிவு செய்தது ஆடுகளம். அபூர்வமாக இருந்தால் போதாது, அதற்கு ஆட ஆள் வேண்டும். ஐம்பதே பிரதி அடித்த மந்தமான காதல் பாட்டு இன்றைக்கும் ஐந்து பவுண்டுக்குக் கிடக்கலாம்.

சரி, 3 பவுண்டா 3,000 பவுண்டா என்ற குழப்பத்துக்கு வருவோம். இதற்கு ஃபிராங்க் வில்சனை விட நல்ல உதாரணம் கிடையாது. அவருடைய ‘டூ ஐ லவ் யூ’ 1965-ல் மோடவுனின் கிளைக் கம்பெனியான ‘சோல்’ லேபிளில் டெமோவாக, அதாவது வானொலி நிலையங்களுக்கு அனுப்பும் மாதிரித் தட்டாக, மட்டும் அடிக்கப்பட்டது. கடைக்கு வரவே இல்லை, அடித்ததையும் அழித்துவிட்டார்கள், வில்சன் பாடுவதை விட்டுவிட்டுத் தயாரிப்பாளராகப் போய்விட்டார். நெடுங்காலம் இரண்டே பிரதிகள்தான் இருப்பதாகப் பேச்சு. ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது, 2020-ல் ஒரு பிரதி ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. ஆனால் அதே பாட்டு 70களில் எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் கள்ளப் பதிப்பாக வந்திருக்கிறது, 1979-ல் பிரிட்டனில் டாம்லா மோடவுன் 1170-ம் எண்ணில் முறையாகவும் வெளியிட்டிருக்கிறது. இந்த மூன்றில் எது கையில் இருந்தாலும் காதில் விழுவது ஒரே குரல், ஒரே தாளம். பாட்டின் பெயரைத் தேடினால் மூன்றின் விலையும் கலந்துதான் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் பெட்டியில் நிச்சயம் உதவும். டேரல் பேங்க்ஸ் 1966-ல் டெட்ராய்ட்டின் ரெவிலாட் லேபிளில் பாடிய ‘ஓப்பன் தி டோர் டு யுவர் ஹார்ட்’ அங்கே நன்றாகவே ஓடியது, அமெரிக்கத் தட்டு இன்றும் சுலபமாகக் கிடைக்கும். பிரிட்டனில் முதலில் லண்டன் அமெரிக்கன் கம்பெனி 10070 என்ற எண்ணில் அடித்தது. உரிமை ஸ்டேட்சைடு லேபிளுக்குப் போய்விட்டதால் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்டேட்சைடு தட்டும் எட்டாத விலை கிடையாது. லண்டன் அமெரிக்கனில் டெமோக்கள் சில தப்பிப் பிழைத்தன, கடைக்கென்று அடித்ததில் ஒன்றே ஒன்று வெளியில் தெரிய வந்து, 2014-ல் 14,543 பவுண்டுக்கு ஏலம் போனது. பொதுவாக பிரிட்டிஷ் டெமோதான் விலை கூடுதல், பெரிய ‘ஏ’ அச்சடித்தவை அனேகமாக டெமோக்கள், உங்களிடம் உள்ள அந்தத் தட்டுகளைத் தனியாக எடுத்து வைக்க வேண்டியதும் அதனால்தான். ஆனால் இந்தத் தட்டில் பாருங்கள், கதை தலைகீழ். அமெரிக்கத் தட்டுகளிலும் அப்படி நடக்கும். ஓடாத பாட்டுக்கு வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய டெமோ நிறைய இருக்கும், விற்பனைப் பிரதிதான் அகப்படாது.

எனவே விலை தேடும் முன் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லும் இடம் லேபிள் என்று நினைக்கிறோம், லேபிளை யார் வேண்டுமானாலும் படம் பிடித்து அச்சடிக்கலாம். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். மேஜை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, தட்டைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் அங்கே எண்களும் முத்திரைகளும் தெரியும். மோடவுனின் தட்டுகளை நிறைய அடித்த மிஷிகன் ஆலையின் தட்டில் ‘ஏ.ஆர்.பி’ என்று வளைந்த முத்திரை இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலையில் அடித்தது என்றால் ஒரு சின்ன முக்கோணமும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். நியூயார்க்கின் பெல் சவுண்ட் ஸ்டூடியோவில் மூலத்தட்டு வெட்டியது என்றால் ‘பெல் சவுண்ட்’ என்றே குத்தியிருப்பார்கள். அசலில் இயந்திரம் குத்திய முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் தட்டில் ஆணியால் கிறுக்கிய மாதிரி கையெழுத்து எண் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கையெழுத்தில் எண் உள்ள அசல்களும் ஏராளம் என்பதால், அந்தக் குறிப்பிட்ட தட்டின் அசலில் என்ன இருக்கிறது என்று டிஸ்காக்ஸ், 45கேட் போன்ற தளங்களில் படத்தோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

அடுத்த சோதனை பொருள். அமெரிக்காவின் ஏழு அங்குலத் தட்டுகளில் பல வினைல் என்ற வளையும் பிளாஸ்டிக்கில் அடித்தவை, மற்றவை ஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் வார்த்தவை. விரல் நகத்தால் ஓரத்தில் மெல்லத் தட்டினால் ஸ்டைரீன் ‘டிக்’ என்று கணீரென்று கேட்கும், வினைல் மந்தமாகக் கேட்கும். ஸ்டைரீனில் லேபிளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், வினைலில் அது தட்டோடு சேர்ந்தே அழுந்தியிருக்கும். ஸ்டைரீனில் மட்டுமே வந்த ஒரு பாட்டு உங்களிடம் வினைலில் இருந்தால், அது பின்னாளில் அடித்தது, அவ்வளவுதான். வளைத்துப் பார்த்து சோதிக்காதீர்கள், ஸ்டைரீன் உடைந்துவிடும். பிரிட்டனில் அடித்த ஸ்டேட்சைடு, டாம்லா மோடவுன், லண்டன் எல்லாமே வினைல்தான், அங்கே இந்தக் கேள்வி எழாது.

தாள் ஒட்டிய இரண்டைப் பற்றிக் கேட்டீர்கள், எனக்குப் பிடித்த விஷயம் அது. ஒரு டிஜே யாரிடமும் இல்லாத பாட்டைக் கண்டுபிடித்தால், போட்டிக்காரர் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் இருக்க லேபிளை மூடி, வாய்க்கு வந்த ஒரு பாடகர் பெயரை எழுதிவிடுவார். எடி ஃபாஸ்டர் பிறந்தது அந்த வழக்கத்தில்தான். ஆகவே தாளில் எழுதியிருக்கும் பெயரை இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உரித்தால் அடியில் உள்ள லேபிளும் கூடவே வரும், தாளுக்கென்றே ஒரு சரித்திர மதிப்பும் உண்டு. வளையத்தில் உள்ள எண் எப்படியும் தாளுக்கு வெளியேதான் இருக்கும், அதைத் தேடினால் போதும்.

கனமான தட்டு அனேகமாக அசிட்டேட். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு பூசி, ஒரே ஒரு பிரதியாக வெட்டுவது. லேபிளில் ‘எமிடிஸ்க்’ என்ற பிரிட்டிஷ் தயாரிப்பின் பெயர் இருக்கிறதா பாருங்கள். 70களில் டிஜேக்கள் மற்றவரிடம் இருந்த அபூர்வப் பாட்டை இப்படி வெட்டி வாங்கிக்கொள்வார்கள். அப்படியானால் நல்ல ஞாபகப்பொருள், பெரிய பணம் வராது. அமெரிக்க ஸ்டூடியோ ஒன்றின் அசிட்டேட்டாக இருந்து, அந்தப் பாட்டு வெளிவரவே இல்லை என்றால் கதை வேறு. எதுவானாலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு தடவை ஊசி வைக்கும்போதும் அது தேயும்.

கழுவும் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். இருபது வருடம் முன்பு ஒரு ஸ்டைரீன் தட்டைக் குழாயடியில் பிடித்தேன், லேபிள் ஈர அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. நாற்பது பவுண்டு தட்டு நாலு பவுண்டு ஆனது. தூசியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளினால் போதும், மீதியை வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார். உறைகளில் வெள்ளைத் தூள் இருந்தாலும் பயப்படாதீர்கள், வழுக்கி ஆடுவதற்காகத் தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள், அதுவாக இருக்கலாம்.

விலை பார்க்கும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்புக்கும் கடைசியாக விற்ற தேதியும் குறைந்தபட்ச, அதிகபட்ச விலைகளும் இருக்கும், ஈபேயிலும் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். தரத்தைச் சொல்லும்போது கவனம் வேண்டும். பிரிட்டிஷ் அளவுகோலில் மின்ட், எக்ஸலன்ட், வெரி குட் என்று இறங்கும், அமெரிக்க அளவுகோலில் நடுவில் ‘வெரி குட் பிளஸ்’ என்று ஒரு படி உண்டு. ‘வெரி குட்’ என்ற சொல்லை நம்பி ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று நினைத்தால் ஏமாற்றம்தான், நடைமுறையில் அது நன்றாகத் தேய்ந்த தட்டு. சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்தே சொல்லுங்கள். லேபிளில் பழைய சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

விற்பதற்கு என் யோசனை: 20 பவுண்டுக்குக் கீழே போகிறவற்றை ஒரு குவியலாக்கி உள்ளூர்க் கடையிலோ சோல் இரவுகளில் போடும் ரெக்கார்டு மேஜைகளிலோ மொத்தமாகத் தள்ளிவிடலாம். ஒவ்வொன்றாகப் படம் எடுத்து விற்க அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் பொறுமை இருக்காது. அதற்கு மேல் போவதை ஒவ்வொன்றாக விற்க வேண்டும். நூறுகளில் போவதை அபூர்வ சோல் தட்டுகளை மட்டுமே ஏலம் விடும் வியாபாரியிடம் கமிஷனுக்குக் கொடுப்பது நல்லது, அங்கேதான் உண்மையில் வாங்குகிறவர்கள் பார்க்கிறார்கள். வியாபாரி நேரடியாக வாங்கினால் தான் விற்கப்போகும் விலையில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் தருவார், அது அவர் பிழைப்பு, கோபப்பட ஒன்றுமில்லை. கள்ளப் பதிப்பு என்று தெரிந்ததை டிஸ்காக்ஸில் போடாதீர்கள், அங்கே தடை.

வரி பற்றிப் பயம் வேண்டாம். வீட்டில் கிடந்த சொந்தப் பொருளை விற்பது வியாபாரம் ஆகாது. ஒரே தட்டு 6,000 பவுண்டைத் தாண்டினால் மட்டும் கணக்காளரிடம் கேளுங்கள். வருடத்தில் 30 பொருள்கள் அல்லது சுமார் 1,700 பவுண்டுக்கு மேல் விற்றால் விற்பனைத் தளமே வரித்துறைக்குத் தகவல் அனுப்பும், அதற்காக வரி கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. விற்பனை அந்த அம்மாவின் பெயரிலேயே நடக்கட்டும். தபாலில் அனுப்பும்போது தட்டைக் கம்பெனி உறையிலிருந்து வெளியே எடுத்து வேறு உறையில் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் வழியில் உறை கிழியும். விலை உயர்ந்ததை ராயல் மெயிலின் ஸ்பெஷல் டெலிவரியில் அனுப்புங்கள், சாதாரணமாக 750 பவுண்டு வரைக்கும், கூடுதல் கட்டணத்தில் 2,500 வரைக்கும் ஈடு உண்டு.

400 பவுண்டு சொன்னவரிடம் சண்டை வேண்டாம். ‘ஒரு மாதம் பொறுங்கள், பட்டியல் போட்டுத் தருகிறோம், அதில் எது வேண்டுமோ அதற்கு விலை சொல்லுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக அவசரப்பட்டால், உள்ளே எதையோ அவர் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், தாள் ஒட்டிய அந்த இரண்டின் வளையத்தில் இருக்கும் எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள், என்னவென்று நான் பார்த்துச் சொல்கிறேன்.