தொழுகை நேரத்தில் கல்லா காலியாகிறது: என் பதில்

கல்முனையில் புடவைக்கடை, வேலைக்கு நான்கு முஸ்லிம் பிள்ளைகள், பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) கேட்டதும் கல்லாவில் ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். அக்கரைப்பற்றில் நானும் அதே பாடு பட்டவன்தான் தம்பி.

லுஹருக்கு, அதாவது நண்பகல் தொழுகைக்கு, பதற வேண்டாம். பாங்கு சொன்னதிலிருந்து பிற்பகல் தொழுகையான அஸர்வரை மூன்று மணி நேரம் இருக்கிறது, இரண்டிரண்டு பேராக விடுங்கள். தொழுகை பத்து நிமிடம். நேரம் போவது வுழூச் செய்ய, அதாவது தொழுமுன் முகம், கை, கால் கழுவ, குழாய் தேடி அலைவதில். பின்பக்கம் ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள். சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைதான் இறுக்கம்: அதற்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான், வியாபாரமும் சூடாக இருக்கும். யார் முதலில் என்று காலையிலேயே பேசிவிடுங்கள். வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகைக்கு ஆண்களை முறை வைக்க முடியாது, ஜமாஅத்தோடு, எல்லோருமாகச் சேர்ந்து தொழ வேண்டும். அன்றைக்குக் கல்லாவில் நீங்கள்தான்.

பெண் பிள்ளைகளுக்கு ஸ்டோர் ரூமில் ஒரு பாய் விரிக்க இடம் போதும். மக்காவை நோக்கித் தொழுவதால், மேற்கே, கொஞ்சம் வடக்காகச் சாய்த்து. முன்னால் சாமிப் படமோ பொம்மையோ வேண்டாம். நான் சேலை கட்டிய பொம்மையை அங்கேயே நிறுத்தியிருந்தேன். பாவம் அந்தப் பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லாமல் அதன்மேல் துணியைப் போர்த்திவிட்டுத் தொழுதிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம், கடையையே பூட்ட வேண்டும் என்று உங்கள் அண்ணர் சொல்லும் சவூதிக் கதை பழசு. அங்கேயே 2021 முதல் தொழுகை நேரத்தில் கடை திறக்க விடுகிறார்கள்.